ஒரு ஜீப்பு ஆள்

எங்கள் பக்கத்தில் கூட்டத்தை ஜீப்பால் அளப்பார்கள். கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் "எட்டு ஜீப்பு ஆளு" என்று பதில் வரும். சாவுக் கேதம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓர் எண் இருக்கிறது. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் இருக்கிற எண் வேறு. கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்கு முன்னால் ஓர் எண், தாண்டிய பிறகு ஓர் எண். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நிருபராக இருந்த காலத்தில் இந்தச் சிக்கலில் மாட்டாமல் "திரளானோர் கலந்துகொண்டனர்" என்று எழுதிவிடுவேன். திரளானோர் என்றால் குறைந்தது ஒன்றரை ஜீப்பு.

கம்பம் பள்ளத்தாக்கில் புதுவிதமாக ஏதாவது செய்து பார்க்கிற கலைஞர்களை ஒன்றுசேர்க்க நாங்கள் ஒரு குழு ஆரம்பித்தோம். அது பிழைக்குமா பிழைக்காதா என்பது கடைசியில் இந்த அளவையில் வந்து நின்றது.

ஆரம்பித்தவள் கம்பத்துப் பெண். சென்னையில் நாடகம் படித்து, அங்கேயே சில வருடங்கள் நடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சுருளிப்பட்டி போகிற வழியில் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு தகர ஷெட். காய் வெட்டுகிற நாட்களில் மட்டும்தான் அதற்கு வேலை. மற்ற நாட்களில் பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடுகளும், மருந்தடிக்கிற ஓடாத ஸ்பிரேயர் ஒன்றும், ஓர் ஓணானும் இருக்கும்.

"வேற வேற கலை தெரிஞ்சவுகள ஒரே எடத்துல ஒக்கார வைக்கணும்ணே. இதுவரைக்கும் யாரும் பண்ணாததப் பண்ணணும்" என்றாள் என்னிடம். "நீங்க நிருபரு. இந்த வட்டாரத்துல கிறுக்குத்தனமா எதாச்சும் பண்றவுக யாரு யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியும். என் போனில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் தவில்காரர். முகூர்த்த நாட்களில் கம்பத்தில் அவர் இல்லாமல் தாலி ஏறாது. வாழ்நாள் முழுக்கக் கெட்டிமேளம் கொட்டியதில் அவருக்கு ஓர் அலுப்பு வந்திருந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஷெட்டுக்கு வந்த முதல் நாள் குச்சியை ஓங்கினார். நாங்கள் காத்திருந்தோம். ஓங்கியபடியே இருந்தார். ஓணான் பார்த்துப் பார்த்துச் சலித்து வெளியே போய்விட்டது. அதன்பிறகு குச்சியை மெல்லக் கீழே வைத்து, "எப்படி?" என்றார்.

இன்னொருவர் ராயப்பன்பட்டிக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மாதா கோவில் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய மனம் இயந்திரங்கள் பக்கம் போனதால் அங்கிருந்து மரியாதையாக விடுவிக்கப்பட்டார். மிக்சி, தையல் மிஷின், டவுன் பஸ் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் வாயால் செய்வார். அவருடைய பெரிய உருப்படி பவர் ஸ்பிரேயர். கயிற்றை இழுப்பார், பிடிக்காது. மறுபடி இழுப்பார், இருமும். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். கேட்டால் பெட்ரோல் வாடையே அடிக்கும்.

எனக்குக் கலை எதுவும் இல்லாததால் என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். கிரேடுகளைக் கவிழ்த்துப் போடுவதும், கூட்டம் முடிந்ததும் நிமிர்த்தி வைப்பதும் என் வேலை.

குழுவுக்கு இரண்டு விதிகள். யாரும் யாரையும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கக் கூடாது. ஒருவர் கலையை மற்றவர் செய்து பார்க்க வேண்டும். தவில்காரர் அவளுடைய மெதுவான அசைவுகளை ஆடிப் பார்த்தார், அவர் நின்ற பிறகும் வயிறு கொஞ்ச நேரம் ஆடியது. பி.டி. சார் தவில்காரர் மாதிரி சத்தமே இல்லாமல் இருந்து பார்த்தார், முகமெல்லாம் வியர்த்துவிட்டது. மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு நெல் வியாபாரி வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கலையில் சேருமா என்று கேட்டார். சேரும் என்றோம். அடக்கிக் காட்டினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. பயந்துபோய்ப் போன் செய்தோம். உயிரோடுதான் இருந்தார். நடவு என்றார்.

முதல் நிகழ்ச்சிக்கு ஆட்டோவில் மைக் கட்டி, "இன்று மாலை திராட்சைத் தோட்டத்து ஷெட்டில் செயல் விளக்க நிகழ்ச்சி, அனுமதி இலவசம், அனைவரும் வருக" என்று அறிவித்தோம். "செயல் விளக்கம்" என்ற வார்த்தையைச் சேர்த்தது நான்தான். கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் தோட்டத்து ஷெட்டில் செயல் விளக்கம் என்றால் அது மருந்துக் கம்பெனிக் கூட்டம். புதுப் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசி, தொப்பியும் பிரியாணிப் பொட்டலமும் கொடுப்பார்கள்.

விவசாயிகள் திரளாக வந்தார்கள். பாதிப் பேர் கையில் நோய் கண்ட இலை. அவள் நடுவில் நின்று, அசைவதே தெரியாத அளவு மெதுவாக வலது கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். கை தோளுயரம் வந்தபோது ஒருவர் எழுந்து போய் அதில் ஓர் இலையை வைத்தார்.

"அடியில வெள்ளையாப் படருதும்மா. என்ன அடிக்கலாம்?"

அவள் கையை உயர்த்திக்கொண்டே இருந்தாள். இலையும் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து பி.டி. சார் மூலையிலிருந்து ஸ்பிரேயரைக் கயிறு இழுத்தார். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"மிஷினு எங்கனய்யா இருக்கு? சத்தம் மட்டும் வருது."

"சைனா மாடலா இருக்கும். சின்னதா இருக்கும்."

"மானியம் உண்டா?"

தொப்பி கிடையாது என்று தெரிந்ததும் ஷெட் காலியானது. கடைசியாகப் போனவர் அவள் கையிலிருந்த இலையையும் எடுத்துக்கொண்டு போனார்.

அவளுடைய அப்பா வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்திருந்தார். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறவருக்கு வெட்ட வேண்டிய இடம் தெரியும்.

"ஏத்தா, இங்கன வந்தவன்ல ஒருத்தனாச்சும் ஒன்னையப் பாக்க வந்தானா?"

"பாத்தாகள்லப்பா."

"மருந்து கேட்டாக. மானியம் கேட்டாக. ஒங்கண்ணன் கோயமுத்தூர்ல பள்ளிக்கூட வேல பாத்து வச்சிருக்கான். போன்ல தெனமும் கத்துறான். நான் என்ன சொல்லட்டும்? எம்மக கைய மெதுவாத் தூக்கிக்கிட்டு இருக்கா, தூக்கி முடிச்சதும் வருவான்னு சொல்லட்டா?"

அவள் கவிழ்ந்திருந்த ஒரு கிரேடை நிமிர்த்தி வைத்தாள்.

"சரி, அடுத்த வெட்டு வரைக்கும் ஷெட்டு ஒனக்கு. அதுக்குள்ள ஒரு ஜீப்பு ஆளு தானா வரணும். சொந்தக்காரக கெடையாது. டீத்தண்ணி, தொப்பி ஒன்னும் குடுக்கக் கூடாது. இந்த ஷெட்டுல ஒக்காந்து கடைசி வரைக்கும் எந்திரிக்காமப் பாக்கணும். பாத்துட்டாகன்னா இந்த ஷெட்ட நான் எப்பவும் கேக்கமாட்டேன். இல்லையா, நீ கோயமுத்தூரு வண்டி ஏறணும்."

"ஒரு ஜீப்புன்னா எத்தன பேருப்பா?"

"ஜீப்பு நெறைய" என்றார். வியாபாரிகளோடு முப்பது வருடம் பேரம் பேசியவர். எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லை.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். ஆள் ஷெட்டுக்கு வராது. ஆள் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம், நம்மைப் பார்த்துப் பழகட்டும், பிறகு தானே வரும் என்று முடிவு செய்தாள். கம்பத்தில் விடிகிற நேரத்தில் ஆள் நிற்கிற இடம் ஒன்றுதான். கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் நிற்குமிடம். அங்கே போய் அசையாமல், பேசாமல் நிற்பது நிகழ்ச்சி. ஷெட்டுக்குத் திரும்பி வந்து சேரும் வரை பேசக் கூடாது. பொதுமக்கள் அவளை என்ன செய்தாலும் தடுக்கக் கூடாது. விதிகளை அவளே போட்டாள்.

உடையையும் அவளே முடிவு செய்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி வைத்த ஒயர் கூடை. எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் போவார்கள். கூட்டத்தோடு கலந்தும் தெரிய வேண்டும், தனித்தும் தெரிய வேண்டும் என்றாள். முதல் பாதி நன்றாகவே நடந்தது.

எதிரில் டீக்கடைப் பெஞ்சில் தவில்காரர் தவிலோடு உட்கார்ந்து குச்சியை ஓங்கியிருந்தார். பி.டி. சார் பெட்டிக்கடை மறைவிலிருந்து குருவிச் சத்தம் கொடுத்தார். நான் டீ குடித்தேன். முழுக்கைச் சட்டை போட்ட பெண்ணொருத்தி அவள் முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், பேட்டரி விளக்கும் வெற்றிலை வாயும். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கங்காணி.

"ஏத்தா, யாரு ஜீப்புக்கு நிக்கிற?"

இவள் அசையவில்லை.

"ஒன்னையத்தான். புதுசா? எனக்கு இன்னைக்கி ஆளு கொறையுது. ஏறு."

இவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சென்னையில் இதற்காகவே தனியாகப் பயிற்சி எடுத்தவள்.

"இங்க பாருங்கடி, நின்னுக்கிட்டே தூங்குறா! வீட்டுல என்ன வேலையோ பாவம். புடிங்கடி."

ஜீப்பிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி, ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து, ஒயர் கூடை கவிழாமல் அவளை உள்ளே ஏற்றினார்கள். விதிப்படி அவள் தடுக்கவில்லை. ஜீப் நகர்ந்தது.

நான் எழுந்துவிட்டேன். "தடுக்கணும்லண்ணே?"

தவில்காரர் குச்சியை இறக்கவே இல்லை. "நிகழ்ச்சி இன்னும் முடியலையே."

"எங்கன போயி முடியும்?"

"ஷெட்டுக்கு வந்து சேந்தாத்தான் முடியும். அவுக போட்ட விதிதான?"

பி.டி. சாருக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது. குற்ற உணர்ச்சியோடு ரிவர்ஸ் கியர் சத்தம் கொடுத்தபடியே பின்வாங்கினார். பின்னால் நின்றவர்கள் அனிச்சையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மலைமேல் எஸ்டேட்டுக்குப் போக எங்களுக்கு இருந்த ஒரே வழி அடுத்த ஜீப்தான். தவிலைக் கூரையில் கட்டினோம். உள்ளே என் இடது கால் யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடியில் ஒரு கேரளப் போலீஸ்காரர் டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தார்.

"இதெந்தா?"

"தவில் சேட்டா."

"ஒன்னு கொட்டிக்கே."

தவிலுக்குள் கடத்தல் அரிசி கிரிசி இருக்கிறதா என்று பார்க்கத்தான். இடைவெளிகளை மட்டும் வாசிக்கிற கொள்கை அந்த இடத்தில் எடுபடாது. தவில்காரர் ஜீப் கூரையில் ஏறி உட்கார்ந்து வெளுத்து வாங்கினார். குழு ஆரம்பித்த பிறகு அவர் முழுசாக வாசித்தது அன்றுதான். ஜீப்பில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். அவர் இறங்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

எஸ்டேட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் ஏலச் செடியடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். முதிர்ந்த காய், பிஞ்சு, பூ எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் எடுத்திருந்தாள். காலில் அட்டை. தூறல். சுற்றி நின்ற பெண்களுக்குள் விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ஊமைச்சிடி."

"ஊமைச்சின்னா கையக் கிய்ய ஆட்டும்ல. இது அதுகூட இல்ல."

"புருசன்கூடச் சண்ட போட்டுட்டு வந்திருப்பா."

"புருசன்கூடச் சண்டன்னா நம்மகிட்ட எதுக்குடி பேசாம இருக்கணும்? நம்மகிட்டதான பேசணும்."

கங்காணி எங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் தேறாது என்று முடிவு செய்து தவில்காரரிடம் கேட்டாள். "அண்ணே, இவ ஒங்க ஆளா? பிஞ்ச பூராம் பிச்சுப் போட்டிருக்கா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. என்னதான் இவளுக்கு?"

தவில்காரர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடிக்கிற இடத்தில் அடிக்காமல் விடுவதற்காக எங்கள் குழுவில் சேர்ந்தவர், அடிக்கக் கூடாத இடத்தில் அடித்தார்.

"வெரதம்" என்றார்.

கங்காணி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "பேசா வெரதமா?"

"ஒரு மாதிரி... ஆமா."

"அட ஆத்தா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"அவுகதான் பேசக் கூடாதுல்ல."

இது அவளுக்கு மறுக்க முடியாத பதிலாகப் பட்டது. உடனே தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உத்தரவு போட்டாள். "அடியே, யாரும் இவகிட்டப் பேச்சுக் குடுக்கக் கூடாது. சிரிப்புக் காட்டக் கூடாது. வெரதம் கலைஞ்சா பாவம் நமக்கு வந்து சேரும். யாருடி அங்கன, அட்டைக்கு உப்பு கொண்டா!"

பெருநகரத்து மேடைகளில் அவளுடைய மௌனத்தின் நடுவில் போன் அடித்திருக்கிறது, சிப்ஸ் தின்றிருக்கிறார்கள். அந்த ஏலக்காட்டில் அன்று ஒருத்திக்குத் தும்மல் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வேலி வரைக்கும் ஓடித் தும்மிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஜீப்பில் அவளுக்கு முன்சீட்டு. அது சாதாரணமாகக் கிடைக்கிற மரியாதை அல்ல. வீடு எங்கே என்று எங்களிடம் கேட்டு, விரதக்காரியை வழியில் இறக்கிவிடக் கூடாது என்று வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்கள். விட்டது வீட்டில். விதிப்படி ஷெட்டுக்குப் போனால்தான் நிகழ்ச்சி முடியும். அவள் அன்றிருந்த களைப்புக்கு ஷெட்டுக்குப் போகவில்லை. அப்படியே படுத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில், ஜீப் ஸ்டாண்டில் அவள் விட்டுவந்த ஸ்கூட்டரை ஒப்படைக்க நான் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அம்மா கோயம்புத்தூரில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்ததால் வீட்டில் அப்பாவும் மகளும்தான். தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஜீப் நேராக வந்து என் முன்னால் நின்று, மறுபடியும் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அப்பா துண்டோடு வெளியே வந்தார். "யாரு நீங்க?"

"ஒங்க மகளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்ணே" என்றாள் கங்காணி. "காய் எடுக்க."

திராட்சைத் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில், தெருவே பார்க்க, மகளை ஏலக்காய் வேலைக்கு ஜீப் வந்து கூப்பிடுகிறது. அவர் எதிர்வீட்டு ஜன்னல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எம்மக எதுக்கு அங்கன வரப்போறா? வரமாட்டா. போங்க."

"நேத்து வந்தாளே. வேல சுமார்தான். ஆனா வெரதக்காரி ஜீப்புல இருந்தா வண்டிக்கி நல்லது. நேத்து செக்போஸ்ட்டுல நிப்பாட்டவே இல்ல."

"வெரதமா? என்ன வெரதம்?" என்று என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். அவள் வாசலுக்கு வந்து தூணைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"என்னைக்கிண்ணே முடியுது?" என்றாள் கங்காணி.

ஹாரன் மூன்றாவது முறை அடித்தது. மாடியிலிருந்து ஒருவர், "என்ன மாமா, பாப்பா எஸ்டேட்டுக்கா போகுது?" என்று கேட்டார். அப்பாவுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஜீப் அந்தத் தெருவை விட்டுப் போவது மட்டும்தான்.

"ஞாயித்துக்கெழம முடிஞ்சிரும்! போதுமா? கெளம்புங்க!"

"ஞாயித்துக்கெழமயா? எங்களுக்கு லீவுதான்" என்றாள் கங்காணி சந்தோஷமாக. "எங்கன வச்சு முடிக்கிறீக?"

மகள் கையைத் தூக்கிச் சுருளிப்பட்டி ரோடு இருக்கிற திசையைக் காட்டினாள். இந்த முறை கை மெதுவாகப் போகவில்லை.

"தோட்டத்துலயா? ஷெட்டு இருக்குல்ல, அதுலயா? சரித்தா. மொத வார்த்தையக் கேக்குறது எங்களுக்கும் நல்லது. ஒரு ஜீப்பு ஆளு வந்துருவோம்."

ஜீப் போய்விட்டது. அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது.

"பேப்பர்காரரே, இது செல்லாது."

"ஏன்?"

"அவுக சாமிக்கு வாராக. இவ ஆட்டத்துக்கு வரல."

"எதுக்கு வரணும்னு நீங்க சொல்லலையே. தானா வரணும்னீக."

"டீத்தண்ணி குடுக்கக் கூடாது!"

"குடுக்கமாட்டோம்."

"கடைசி வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எவளாச்சும் எந்திரிச்சா போச்சு!"

"சரி."

ஞாயிறு வரைக்கும் அவள் பேசக் கூடாது. பேசிவிட்டால் ஜீப் வர அவசியமில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அவளைப் பேசவைக்க அவர் எடுத்த முயற்சிகளைத் தவில்காரர் தினமும் நேரில் போய்ப் பார்த்து எங்களுக்குச் சொன்னார். அப்பா குழம்பில் உப்பே போடாமல் வைத்தார். சாப்பிட்டாள். அண்ணனை ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே வைத்தார். அண்ணன் கத்தி முடித்து, "லைன்ல இருக்கியா?" என்று கேட்டு வைத்துவிட்டான். கடைசியாக அவள் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, திராட்சையை வேரோடு எடுத்துவிட்டுக் கோவைக்காய் போடப்போவதாகச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். அப்பா முன்னால் சாய்ந்தார். அவள் கொட்டாவி விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவரே தவில்காரரிடம், "வீடு என்னமோ மாதிரி இருக்குய்யா. ஸ்பேனர் எங்கனன்னு கேட்டாக்கூடச் சொல்ல ஆளில்ல" என்றாராம்.

ஞாயிறு காலை வெயில் ஏறியதும் ஜீப் தோட்டத்துக்குள் வந்தது. ஓட்டுநர் நிழல் பார்த்து ஷெட்டை ஒட்டி நிறுத்தினார். பெண்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் நல்ல சேலையில், தலை நிறையப் பூவோடு, தேங்காய் பழத் தட்டோடு. நான் கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டேன். பற்றாமல் ஸ்பிரேயர் மேலும் ஒருத்தி உட்கார்ந்தாள். அப்பா வாசலோரம் ஒரு கிரேடில், யாராவது எழுந்தால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பி.டி. சார் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வந்து, காத்திருந்த பெண்களுக்கு மிக்சியும் டவுன் பஸ்ஸும் வாயால் செய்து காட்டியிருந்தார். அவள் நடுவில் நின்றாள்.

முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று குழு முடிவு செய்யவே இல்லை. பி.டி. சார் "அம்மா" என்றார். தவில்காரர் வார்த்தையே வேண்டாம் என்றார். அவளிடம் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி.

தவில்காரர் குச்சியை ஓங்கினார். ஷெட் அமைதியானது. ஒரு ஜீப்பு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது. மார்க்கையன்கோட்டை வியாபாரி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அப்போது திரீ பேஸ் கரண்ட் வந்தது.

தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. கரண்ட் வந்ததும் தானாக ஓடும். தூரத்தில் அது ஓட ஆரம்பித்ததும் பெண்கள் பி.டி. சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாச் செய்றாருடி" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். அவர் தன் வாய் மூடியிருப்பதை விரலால் காட்டினார்.

அப்பா மட்டும் காதைத் தீட்டினார். ஷெட்டுக்குப் பின்னால் ஏதோ சீறியது. நிழலுக்காக நிறுத்திய ஜீப்பின் பின்சக்கரம் சொட்டுநீர்க் குழாயின் கேட் வால்வு மேல் ஏறி நின்றிருக்கிறது; கரண்ட் இல்லாதவரை யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் பீய்ச்சியடித்துத் தகரக் கூரையில் விழுந்தது. இடைவெளியே இல்லாத ஒரு தவில் மாதிரி இருந்தது. தவில்காரர் ஓங்கிய குச்சியோடு கூரையைப் பொறாமையாகப் பார்த்தார்.

அப்பா எழுந்தார்.

"ஒக்காருங்கண்ணே!" என்று கங்காணி சீறினாள்.

"ஏத்தா, எங்கொழா ஒடைஞ்சு..."

"உஷ்! புள்ள வாய் தொறக்கப்போகுது. எந்திரிச்சா வெரதம் கலையும். ஒக்காருங்க!"

ஜீப்பு நிறைய ஆள் அவரை முறைத்தது. உட்கார்ந்தார். பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்தவள் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஓடிவந்தது. பெண்கள் கால்களைத் தூக்கிக் கிரேடின் மேல் வைத்துக்கொண்டார்கள். ஒருத்திகூட எழவில்லை. மிதந்து போன ஒரு செருப்பைக்கூட யாரும் எட்டிப் பிடிக்கவில்லை. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு, கரண்ட் இருக்கிறபோது மட்டும் கிடைக்கிற தன் தண்ணீர், கொடி இல்லாத பக்கமெல்லாம் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தியாளனாக எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

அவளும் அந்த முகத்தைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"அப்பா, மோட்டார நிப்பாட்டுங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். தவில்காரரால் அடக்க முடியவில்லை. குச்சியை இறக்கி ஒரே அடி அடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். ஓட்டுநர் ஜீப்பை எடுக்க ஓடினார். கூரையில் சத்தம் மெல்லக் குறைந்து, சொட்டி, நின்றது.

கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வாக்குத்தா. பெத்தவனத்தான் மொதல்ல கூப்புட்டுருக்க. எந்தச் சாமிக்கு இருந்த?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். ஆனால் பொய் சொல்லவில்லை. "சாமிக்கு இல்லக்கா. இது ஒரு நாடகம். என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு சும்மா பண்ணுனேன்."

"சும்மாவா?" கங்காணி மற்ற பெண்களைப் பார்த்தாள். "அடியே, சும்மாவாம்! இவ பிச்சுப்போட்ட பிஞ்சுக்கு எஸ்டேட்டுக்காரன்கிட்ட நான் வாங்குன பேச்சு என்னாகுறது?"

"நான் தும்மலக்கூட அடக்குனேன்" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றாள் மூன்றாமவள். தெரியாது.

கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. பிறகு ஸ்பிரேயர் மேல் உட்கார்ந்திருந்தவள் தொடங்கிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், கொண்டுவந்த தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்று அங்கேயே உடைத்து ஆளுக்கொரு சில்லு எடுத்துக்கொண்டார்கள். கங்காணி பி.டி. சாரிடம், "மோட்டாருச் சத்தம் நீங்கதான?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை.

அப்பா தலையிலிருந்து கால்வரை நனைந்து வாசலில் வந்து நின்றார். கையில் உடைந்த வால்வு. நாங்கள் நான்கு பேரும் அவரையே பார்த்தோம். அவர் ஜீப்பைப் பார்த்தார், கிரேடுகளில் இன்னும் உட்கார்ந்து தேங்காய் தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார், தலையைத் துவட்டிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"அடுத்த தடவ ஜீப்ப ரோட்டுலயே நிப்பாட்டச் சொல்லு" என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தவில்காரர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பேசாத ஆத்தா. பேசிக் கெடுத்துராத."